கதிர் விழுந்த மேகமும் யாழினி தேர்ந்த பாடமும்

௧

இக்குறிப்பை எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை ஒரு தொலைபேசி உரையாடலால் நேர்ந்தது. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து என் தமையன் மகன் அழைத்திருந்தான். "சித்தப்பா, உங்க ஊர்ல ஒருத்தன் குடிச்சிட்டு பிளேன் ஓட்டி, கோயில் திருவிழாவுல விழுந்து செத்தானாமே, அவன் நமக்குச் சொந்தமா?" என்று கேட்டான். நான் மறுமொழி சொல்வதற்குள் அடுத்த வினாவையும் தொடுத்தான். அவனுடைய நண்பர் மகள் பறக்கப் பயில்கிறாளாம். கருவிவழிப் பறத்தலுக்கு வீட்டிலிருந்தே படிக்கும் பாடங்கள் பல விற்கின்றனவாம். என் மகள் யாழினி எதை வாங்கினாள் என்று அறிய வேண்டுமாம்.

இரண்டு வினாக்களையும் அவன் தொடர்பில்லாதவை என்று எண்ணிக் கேட்டான். இரண்டிற்கும் ஒரே விடைதான் உண்டு. அதனைத் தொலைபேசியில் சொல்ல என்னால் இயலவில்லை. தவறான செய்தி அங்கு வேரூன்றுமுன் எழுத்தில் வைப்பதே முறை என்று துணிந்தேன்.

என்னை அறியாதவர்க்கு ஒரு சொல். கோலாலம்பூரில் ஒரு தமிழ் அச்சகத்திற்கு மெய்ப்புத் திருத்துநனாக வந்தவன் நான். எண்ணெய் பிழியும் செம்பனை வளர்க்கும் தோட்டத்தில் பிறந்த செல்வமணியை மணந்து, அவள் உறவினர் சூழ்ந்த கோலசிலாங்கூரிலேயே தங்கிவிட்டேன். நிலைவாழ் உரிமைக்காக அலுவலகத்திற்கு அலுவலகம் நடந்த ஆண்டுகளில், என் பெயரை மலாய் எழுத்தர்கள் எழுதிய வகைகளைத் தொகுத்தால் தனி நூலாகும். எங்கள் ஒரே மகள் யாழினி ரவாங்கில் ஒரு தொழிலகத்தில் மின்னணுப் பொறிகளைப் பழுது பார்க்கிறாள். ஊதியத்தில் பெரும்பகுதியை வானத்தில் செலவழிக்கிறாள். எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதுவாள். நான் தமிழில் விடை எழுதினால், "அப்பா, வாய்ஸ் மெசேஜ் போடுங்க லா, படிக்க லேட்டாவுது" என்பாள்.

எளிய உரிமம் பெற்ற வானோடி, நிலமும் தொடுவானமும் கண்ணுக்குத் தெரியும் வெளியில் மட்டுமே பறக்கலாம். மேகத்துக்குள் புக வேண்டுமாயின் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தனித்தகுதி வேண்டும்; பிள்ளைகள் அதை 'ரேட்டிங்' என்பார்கள். அதற்கு முதலில் எழுத்துத் தேர்வு; பிறகு பயிற்றுநருடன் பறந்து பழகல்; இறுதியில் வானிலேயே ஒரு தேர்வு. எழுத்துத் தேர்வில் வென்றவன் மேகத்தை வென்றவன் அல்லன். இந்த ஒன்றை எங்கள் உறவினர் எவரும் அறிந்திருக்கவில்லை.

௨

சென்ற ஆண்டுத் தீமிதி நாள். செல்வமணியின் தமையன் இராமையா கலும்பாங்கில் வாழ்பவர், லோரி ஓட்டுநர், உரத்த குரலும் ஓங்கிய கையும் உடையவர். அவர் மகன் கதிர்வேல், யாழினியோடு ஒத்த அகவையினன். இருவரும் ஒரே பறப்புக் கழகத்தில் பயின்று எளிய உரிமம் பெற்றவர்கள். அவன் கருவிவழிப் பறத்தலின் எழுத்துத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தான். எங்கள் மக்களிடையே பிள்ளைகள் தேர்வில் வென்றால் கோயில் வாயிலில் பதாகை கட்டுவது வழக்கம். "வானம் வென்ற எங்கள் கதிர்" என்று எழுதி, சீருடையில் அவன் நிற்கும் படத்தோடு, இராமையா ஆளுயரப் பதாகை ஒன்றைத் தோட்டக் கோயிலில் கட்டியிருந்தார். அத்துடன் நில்லாமல், பூக்குழி இறங்கும் வேளையில் தம் மகன் கோயிலை மூன்று முறை வானில் வலம் வருவான் என்று ஒலிபெருக்கியிலும் அறிவித்துவிட்டார்.

பிற்பகலில் கடற்பக்கம் கறுத்தது. பாசிர் பெனம்பாங்கிற்கு அப்பால் நீரிணையின்மேல் எழுந்த மேகம், செம்பனைத் தலைகளைத் தொடுமளவு தாழ்ந்து எங்களை நோக்கி வந்தது. நான் இராமையாவின் அருகில் நின்றிருந்தேன். அவர் தொலைபேசியில் மகனிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"எங்கடா இருக்க? பூசாரி காத்துக்கிட்டு இருக்காரு. ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குது. அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, வாடா."

சிறிது நேரத்தில் பொறியின் ஒலி கேட்டது. உறுமி அடித்தவர்கள் கையை நிறுத்தினர். மக்கள் கைதட்டினர். வானூர்தி தெரியவில்லை, ஒலி மட்டும் மேகத்துக்குள் எங்கள் தலைக்குமேல் சுற்றியது. "சுத்துறான் பாரு, சுத்துறான்" என்று இராமையா கத்தினார். அடுத்து அவ்வொலி மாறியது. தாழ்ந்த முழக்கம் ஏறி ஏறி, கழுத்தறுபடும் விலங்கின் ஓலம் போல நீண்டது. மேகத்தின் அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு ஊர்தி வெளியே வந்தபோது, அதன் ஓர் இறக்கை நிலத்தை நோக்கியும் மற்றொன்று வானை நோக்கியும் நின்றன. மூக்கை நிமிர்த்த அது ஒருமுறை துடித்தது. செம்பனை வரிசைக்குள் மோதியது.

மட்டைகள் வெட்டுண்டு பறந்தன. காலடியில் மண் அதிர்ந்தது. பூக்குழியில் இறங்கக் காத்திருந்தவர்கள் மஞ்சள் ஆடையோடு ஓடினர். யாழினி அவர்கள் எல்லாரையும் முந்தினாள். நான் போய்ச் சேர்ந்தபோது இராமையா எரியும் தகட்டை வெறுங்கையால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கைத் தோல் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்ததை நான் எழுதப் போவதில்லை. பெட்டியைத் திறவாமலே அடக்கம் செய்தோம்.

௩

அடக்கத்தன்று ஓர் உறவினர், "தண்ணி போட்டிருப்பான், இந்தக் காலத்துப் பசங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கட்டுப்போட்ட கையோடு இராமையா அவர் வாயில் குத்தினார். பல் தெறித்துத் தரையில் உருண்டது. அடிபட்டவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. அடுத்த நாளே தொலைபேசி வழியே எல்லா நாட்டிற்கும் அனுப்பினார். அங்கு நீங்கள் படித்தது அதுவே.

ஆய்வு செய்தவர்கள் குடியும் இல்லை, பொறிப் பழுதும் இல்லை என்றனர். மேகத்துள் ஊர்தி மெல்லச் சாய்ந்து, சாய்வு மிகுந்து, சுழன்று இறங்கியது என்றனர். இராமையாவிற்கு அது விளங்கவில்லை. "எஞ்சின் நல்லா இருக்கு. புள்ள நல்லா இருக்கான். அப்புறம் எப்பிடி மாப்பிள்ளை விழும்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

இவ்வாண்டுத் தீமிதி நெருங்கியது. ஒரு ஞாயிறு காலை இராமையா எங்கள் வீட்டிற்கு வந்து, மகனின் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"பாப்பா, கதிர் படிச்சதெல்லாம் இதுலதான் இருக்கு. இன்னும் ஓடுது. நீயும் இதப் படிச்சு பாஸ் பண்ணு. தீமிதி அன்னிக்கு அவன் சுத்தாம விட்ட சுத்த நீ சுத்தணும். மேலேருந்து பூ போடணும்."

"மாமா, பிளேன்லேருந்து எது போட்டாலும் பெர்மிட் எடுக்கணும்."

"ஆள் வெச்சுப் பேசிக்கலாம்."

"அன்னிக்கும் மேகம் வந்தா?"

"அதுக்குத்தானே பாஸ் பண்ணச் சொல்றேன். பேப்பர் இருந்தா மேகத்துல போவலாம்தானே?"

"பேப்பர் வேற, ரேட்டிங் வேற மாமா. ரெண்டும் இருந்தாலும் மேகத்துக்குள்ளேருந்து கோயில் தெரியாது."

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் இராமையா.

யாழினி என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். செல்வமணி, "அண்ணன் கேக்குதுல்ல, எடுத்துக்க" என்றாள். யாழினி எடுத்துக்கொண்டாள்.

௪

கதிர் படித்தது ஒரு வினாவங்கி. முன்னைய தேர்வுகளில் வந்தவை போன்ற வினாக்களும், ஒவ்வொன்றிற்கும் நான்கு விடைகளும் அதில் உண்டு. சரியானதைத் தொட்டால் பச்சை. பிழையானதைத் தொட்டால் சிவப்பு. ஏன் சரி, ஏன் பிழை என்ற விளக்கம் இல்லை. தொழிலகப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் யாழினி அதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். சில கிழமைகளில் எல்லாம் பச்சையாயிற்று. மாமனுக்கு அதன் படத்தை அனுப்பினாள். அவர் புதிய பதாகைக்குச் சொல்லிவிட்டார்.

ஒரு மாலை செல்வமணி காய் நறுக்கிக்கொண்டே, கைப்பேசியைத் தன்பக்கம் திருப்பி, எழுத்துக்கூட்டி ஆங்கில வினா ஒன்றைப் படித்தாள். பாதியில் யாழினி, "சி" என்றாள். அடுத்ததில் இரண்டு சொற்களைத்தான் படித்தாள். "ஏ" என்றாள் யாழினி.

"ஏண்டி, நான் இன்னும் கேள்வியே கேக்கல."

"அது அதான் மா. அந்த ஆரம்பம் வந்தா ஆன்சர் அதான்."

"அப்ப கேள்வி என்னான்னு சொல்லு பாப்போம்."

யாழினிக்கு விடையின் எழுத்துதான் நினைவிருந்தது. கைப்பேசியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். அது உடையவில்லை. அதன் கண்ணாடி முகத்தில் கதிரின் படம் தெரிந்தது. அவள் அதைக் கண்டு, தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். செல்வமணி கையைப் பற்றி நிறுத்தும்வரை அறைந்தாள்.

மனப்பாடத்தை நான் பழிப்பவன் அல்லன். என் இளமைப் பள்ளியில் நூற்பாக்கள் பிரம்பின் வழியாகவே எங்களுக்குள் ஏறின. ஒரு சொல் தவறினால் முழங்காலின் பின்புறம் அடி விழும். குருதி கசிந்து காற்சட்டை ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிரம்பை இன்றும் வெறுக்கிறேன். ஆயினும் ஏறிய நூற்பா உள்ளே கிடந்து, பல்லாண்டுக்குப் பின் ஒருநாள் தானே பொருள் விரித்தது. சொல் முழுதாக உள்ளே போனதால் அது நிகழ்ந்தது. விடையின் எழுத்தை மட்டும் நினைவில் வைத்தவனுக்குப் பின்னாளில் விரிய எதுவும் இல்லை. கதிர் சோம்பேறி அல்லன். நாங்கள் அனைவரும் மதிப்பெண்ணைக் கேட்டோம். அவன் மதிப்பெண்ணைக் கொண்டுவந்தான்.

௫

அதன்பின் யாழினி வேறு பாடங்களைத் தேடத் தொடங்கினாள். நண்பர் மகள் கேட்டதற்கு விடை இப்பகுதியில்தான் உள்ளது. ஆகவே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஒன்று, அமெரிக்கக் காணொளிப் பாடம். ஆசிரியர் அழகாகப் பேசுகிறார். அசையும் படங்கள் கண்ணைக் கவர்கின்றன. காத்திருப்புச் சுற்று என்பதை, அதாவது இறங்க முறை வரும்வரை வானில் வட்டமிடுவதை, அதைவிடத் தெளிவாக எவரும் காட்டவில்லை என்றாள் யாழினி. ஆனால் சட்டங்கள் அந்நாட்டவை. காற்றழுத்தத்தை அவர்கள் வேறு அலகில் அளக்கிறார்கள். "இறக்கையில ஐஸ் பிடிக்கிறதப் பத்தி மணிக்கணக்கா பேசறாரு அப்பா. நம்ம சுமாத்ராஸ் பத்தி ஒரு வார்த்தை இல்ல." சுமாத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து விடியலில் வந்து மோதும் சூறைக்காற்று வரிசையைத்தான் அவள் சொன்னாள், கூரைத் தகடுகளைப் பிய்த்து எறியும் காற்று அது.

மற்றொன்று, தொலைநிலைப் பாடத்தொகுதி. தடித்த நூல்கள், உறக்கம் தரும் குரல். ஆனால் இந்நாட்டுத் தேர்வுத் திட்டத்திற்கு நெருங்கியது. ஒவ்வோர் இயலின் முடிவிலும் கற்றதை நம் சொற்களில் எழுதி அனுப்பச் சொல்கிறது. திருத்துநர் ஒருவர், பிழைக்கு ஏன் பிழை என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். எனக்கு அது பிடித்ததில் வியப்பில்லை. முடிக்கப் பல திங்கள் ஆகும் என்பதே அதன் குறை. தீமிதிக்குள் முடியாது.

அதன் மாதிரி இயல் ஒன்றில், வீட்டில் செய்து பார்க்க ஓர் ஆய்வு இருந்தது. சுழல் நாற்காலியில் ஒருவரைக் கண்மூடி உட்காரவைத்து, ஒரே வேகத்தில் மெல்லச் சுற்ற வேண்டும். எப்பக்கம் சுற்றுவதாக உணர்கிறாரோ, அப்பக்கம் அவர் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். என் நாற்காலியில் செல்வமணியை உட்காரவைத்துச் செய்தாள். எழுந்த செல்வமணி, அன்று முழுதும் அந்நாற்காலியின் பக்கம் வரவில்லை.

மறு ஞாயிறு இராமையா வந்தார். யாழினி நின்றுகொண்டே சொன்னாள்.

"மாமா, நான் வேற கோர்ஸ் எடுக்கறேன். தீமிதிக்குள்ள முடியாது. பூ போட நான் வரல."

"எல்லாம் பச்சையா இருந்துச்சே, படம் அனுப்புனியே."

"கதிருக்கும் பச்சையாத்தான் மாமா இருந்துச்சு."

அவர் வெளியே போனார். லோரியிலிருந்து பாராங்கோடு திரும்பினார்; செம்பனை மட்டை வெட்டும் நீண்ட கத்தி. உணவு மேசைமேல் வீட்டிலேயே பறந்து பழக யாழினி பழைய பொருளாக வாங்கிய பயிற்சிப் பிடியும் கணினித் திரையும் இருந்தன. முதல் வெட்டில் திரை பிளந்தது. இரண்டாவதில் பிடி துண்டாயிற்று. மூன்றாவது, மேசைமேல் ஊன்றியிருந்த யாழினியின் விரல்களுக்கு அருகில் மரத்தில் ஆழமாக இறங்கி நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. நான் சுவரோடு நின்றேன்.

"எம்புள்ள முட்டாளா? முட்டாள்னு சொல்றியா?" என்று கத்தியபடி, கத்தியைப் பிடுங்க அவர் முயன்றார்.

செல்வமணி தமையனின் சட்டையைக் கொத்தாகப் பற்றினாள். வாழ்நாளில் அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள், நெஞ்சில் இரு கையாலும் தள்ளி, என் நாற்காலியில் விழச் செய்தாள்.

"உக்காரு. நான் பட்டேன். நீயும் படு. கண்ண மூடு அண்ணே."

௬

அவர் ஏன் மூடினார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அழுகையை மறைக்கவாயிருக்கலாம். செல்வமணி நாற்காலியின் முதுகைப் பற்றிச் சுற்றத் தொடங்கினாள். யாழினி எதிரில் நின்றாள்.

"எந்தப் பக்கம் சுத்துது மாமா? வெரலால காட்டுங்க."

தழும்பேறிய வலக்கையின் கட்டைவிரல் சரியாகவே காட்டியது. நாற்காலி ஒரே வேகத்தில் சுழன்றது. கட்டைவிரல் தயங்கியது, பிறகு நிமிர்ந்து நின்றது.

"இப்ப?"

"நிறுத்திட்டாளே."

நாற்காலி சுழன்றுகொண்டிருந்தது. செல்வமணி மெல்ல வேகத்தைக் குறைத்தாள்.

"இப்ப மாமா?"

"இப்ப எதிர்ப்பக்கம் சுத்துறா," என்று இடக்கை விரலைக் காட்டினார். நாற்காலி முற்றிலும் நின்றது. "போதும், நிறுத்து. ஏன் இப்பிடிச் சுத்தற?" என்றார். செல்வமணி இரு கையையும் எடுத்துவிட்டாள்.

மீண்டும் சுற்றி, தலையைக் குனியச் சொன்னாள் யாழினி. நிமிரச் சொன்னாள். நிமிர்ந்த அக்கணமே அவர் உடல் எவரோ உதைத்ததுபோல் பக்கவாட்டில் எறியப்பட்டது. மேசைக்காலில் நெற்றி மோதிக் குருதி வழிந்தது. தரையைப் பத்து விரலாலும் பற்றிக்கொண்டு வாந்தியெடுத்தார். கல்தரையிலிருந்து எங்கோ விழுந்துவிடுவோம் என்று அஞ்சியவர்போல அதனை விடாமல் பற்றியிருந்தார்.

அவ்வாறு கிடந்தபடியே கேட்டார்.

"அவனுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

"ஆமா மாமா. நேராப் போறோம்னுதான் நெனச்சிருப்பான். கருவி வேற மாதிரி காட்டியிருக்கும். ஒடம்பு சொன்னத நம்பியிருக்கான். எல்லாரும் அப்பிடித்தான் நம்புவாங்க. நம்பாம இருக்கறதுக்குத்தான் பழகணும்."

"அவன் படிச்சதுல இது இல்லையா?"

"இருக்கு. ஒரு கேள்வி. சரியாத்தான் பதில் போட்டிருக்கான்."

இராமையா புறங்கையால் நெற்றிக் குருதியைத் துடைத்தார். "விழறது தெரியாமலேயே போயிட்டானா?"

ஆம் என்று சொல்லிவிடு என்று நான் மனத்துள் வேண்டினேன். யாழினி அவர் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"மேகத்த விட்டு வெளிய வந்தப்பத் தெரிஞ்சிருக்கும் மாமா. தூக்கப் பாத்தான். நீங்களும் பாத்தீங்க."

அவர் தலையசைத்தார். பிறகு எங்களில் எவரும் அறியாத ஒன்றைச் சொன்னார்.

"அன்னிக்கு போன்ல, மழ கட்டுது, நான் திரும்பிப் போறேன்பான்னு சொன்னான். நான்தான் வாடான்னேன்."

செல்வமணி சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டாள். இராமையா யாழினியின் மணிக்கட்டைப் பற்றினார். அவள் முகம் சுளிக்கும் அளவு இறுகப் பற்றினார்.

"எவன் கூப்பிட்டாலும் வராத. ஊரே நின்னாலும் வராத. நான் கூப்பிட்டாலும் வராத. வரலன்னு சொல்லிட்டு போன வெச்சிரு."

"சரி மாமா."

"சொல்லு."

"வரல மாமா."

௭

யாழினி தொலைநிலைப் பாடத்தொகுதியையே தேர்ந்தாள். காத்திருப்புச் சுற்றுக்கு மட்டும் அமெரிக்கக் காணொளியைப் பார்க்கிறாள். இந்நாட்டு விதிகளைத் தனியே அச்சிட்டு உடன் வைத்திருக்கிறாள். வினாவங்கியைத் தேர்வுக்கு முந்திய நாள்களில், வினாவின் நடைக்குப் பழக மட்டும் தொடுவாளாம். நண்பர் மகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: நீ எழுதப்போகும் தேர்வுக்குரிய நாட்டுப் பாடமா என்று பார், உன் பிழையை விளக்கும் மனிதர் ஒருவர் அதன் பின்னால் இருக்கிறாரா என்று பார், எவ்வளவு விரைவில் முடியும் என்று விளம்பரம் செய்வதை வாங்காதே.

தீமிதி நாள் வந்தது. காலை முதல் மாலை வரை வானில் ஒரு துணுக்கு மேகமும் இல்லை. கண் கூசும் நீலம். பதாகை இல்லை; பூவுக்கு இசைவும் எவரும் கேட்கவில்லை. பூக்குழி அருகே ஒருவர், "என்ன இராமையா, வானம் இவ்ளோ சுத்தமா இருக்கு, உம் மருமகப் பொண்ணக் காணோம்? பயந்துட்டாளா?" என்று எள்ளினார். அருகில் நின்றவர்கள் அடி விழும் என்று விலகினர். இராமையாவின் கை முட்டியாக இறுகியது, பிறகு தளர்ந்தது.

"படிக்கிறா," என்றார்.

இக்குறிப்பில் வரும் பறத்தல் செய்திகளை யாழினி சொல்ல நான் எழுதினேன். சொற்களைத் தமிழில் அமைத்தது நான். வானோடிகளோ, அத்துறை ஆசிரியர்களோ இதனைப் படிக்க நேர்ந்தால், பிழை எங்குள்ளதென்று தயங்காமல் எழுதுங்கள். என் மகள் இன்னும் தேர்வு எழுதவில்லை. அவள் மேகத்துக்குள் செல்லுமுன் அத்திருத்தம் எங்களுக்கு வந்து சேர வேண்டும்.